முத்திரைப் புத்தகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

உன் அருமை மகன் வெஸ்லி, குடும்பத்தோடு ஒருநாள் பயணமாகக் கிராண்ட் கேன்யன் வந்தான். இரண்டு வருடம் கழித்து வருகிறானே என்று, பூங்கா பஸ் ஓட்டும் வேலைக்கு லீவு போட்டுக் காத்திருந்தேன். பள்ளத்தாக்கை ஏழு நிமிடம் பார்த்தான். போகிற பூங்காவிலெல்லாம் முத்திரை வாங்கும் அந்தப் புத்தகத்துக்காக ஒரு மணி நேரம் வரிசையில் நின்றான்.

“சாப்பிட்டுட்டாவது போடா!”

“சும்மா இரு அக்கா! அடுத்த பார்க்கை மூடிடுவாங்க. அங்கயும் முத்திரை குத்தணும்.”

நான் செய்த சான்ட்விச்சை ஒருவரும் தொடவில்லை. அந்த அவசரத்தில், பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த புத்தகத்தை என் கையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். இப்போது தினமும் போன் செய்து தபாலில் அனுப்பச் சொல்கிறான். மாட்டேன், வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அப்பாவின் பழைய கம்பளிச் சட்டை வேண்டும். தபாலில் வேண்டாம், அவனிடமே கொடுத்தனுப்பு.

பஸ் எடுக்க நேரமாகிவிட்டது.

உன் மகள்,
மார்னி