பேசாமல் உட்கார்ந்த ஒரு நிமிடம்

தேவாரம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

பிரியமுள்ள ஹேமாவதிக்கு மெர்லின் எழுதுவது. மயிலாடும்பாறையில் நீயும் மாமாவும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றுதான் வேண்டிக்கொண்டு வந்தேன். நீ போன் நம்பரை மாற்றிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொள்.

இங்கே நான்கு நாளாக மழை. பந்தலில் திராட்சை வெடிக்கிறது. அப்பா யாரோடும் பேசுவதில்லை.

அந்தப் படம் எடுத்த நாளைப் பற்றி உன்னிடம் நான் சொன்னதே இல்லை. திராட்சை விவசாயிகளின் வாழ்க்கையை எடுக்கிறோம் என்றுதான் வந்தார்கள். கட்சி அனுப்பிய ஆட்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களைத் தன் ஜீப்பில் மலைக்கு ஏற்றிப் போய் இடம் காட்டியதே மாமா, உன் அப்பாதான். அன்று கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையில் நான் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து அம்மா பெயரைக் கேட்டார். லூர்து மேரி என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. பரவாயில்லை, இந்த இடத்தின் சத்தம் மட்டும் பதிய வேண்டும், ஒரு நிமிடம் கேமராவைப் பார்த்துப் பேசாமல் உட்காரம்மா என்றார். உட்கார்ந்தேன். கண் நிறைந்துவிட்டது.

தேர்தலுக்கு முன்னால், எங்கள் தெரு ஓட்டுக்குக் குறிவைத்து, பஸ் நிறுத்தத்தில் திரை கட்டிப் போட்டார்கள். படத்தில் ஒரு குரல், உன் அம்மா உயிருக்குப் போராடியபோது ஜீப் வர ஏன் அரை மணி நேரம் ஆனது என்று கேட்கிறது. என்னை யாரும் அப்படிக் கேட்கவே இல்லை ஹேமா. அடுத்து என் முகம் வருகிறது, பின்னால் வயலின். பிறகு உங்கள் வாசலில் சும்மா நிற்கிற ஜீப். பிறகு மாமா சிரிக்கிறார். கேமராக்காரர் ஜீப்பில் ஏறத் தெரியாமல் வழுக்கியபோது, "ஏலே, இதென்ன பல்லக்கா, காலைத் தூக்கி வையி" என்று சிரித்தாரே, அது. எல்லாமே இங்கே நிஜமாக எடுத்ததுதான்.

அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று நான் போன் செய்தபோது, மாமா கோம்பை ஊர்ப் பெண்களை ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு பாதி மலையில் இருந்தார். அங்கிருந்து திருப்பி வந்த நேரம்தான் அந்த அரை மணி. தேனி ஆஸ்பத்திரி போகும்வரை, "ஆத்தா, அம்மாகிட்ட பேசிக்கிட்டே வா, கண்ண மூட விட்றாத" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

இது எனக்குத் தெரியும். படம் முடிந்ததும் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் எங்கள் தெருப் பெண்கள் ஒருவரும் மாமா ஜீப்பில் ஏறவில்லை. அதற்கு அடுத்த வாரம் யாரோ கண்ணாடியை உடைத்தார்கள். நீங்கள் ஊரைவிட்டே போய்விட்டீர்கள்.

பிறகு வீட்டில் சொன்னேன். அப்பா, "கட்சிக்காரக தெருவுக்குத் தண்ணிக் கொழாய் தாரேன்னு சொல்லியிருக்காக, இப்பப் போயி வாயத் தொறக்காத" என்றார். ஜெபராணி சித்தியிடம் சொன்னேன். "அப்பறம் படத்துல ஏன்டி அழுத?" என்று கேட்டார். அம்மாவை நினைத்து அழுதேன் என்றேன். "படத்துலயே காமிச்சுட்டாக, நீ இப்ப மாத்திப் பேசுற" என்று உள்ளே போய்விட்டார்.

போன மாதம் எனக்குப் பதினெட்டு முடிந்தது. ஏலத்தோட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வருகிற திங்கள் முதல் காலை ஐந்தரைக்கு பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். வேறு யார் ஜீப்பிலும் ஏறமாட்டேன். மாமாவை வரச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை, நீ சொல். வந்தால் அத்தனை பேர் பார்க்க முன் சீட்டில் ஏறி உட்காருவேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்ததா? மாதா உங்கள் மூவருக்கும் துணை இருக்கட்டும். எனக்குப் பதில் எழுத மனம் இல்லையென்றால் வெறும் கவரையாவது அனுப்பு. மேலே உன் கையெழுத்தில் என் பெயர் இருந்தால் போதும்.

உன்
மெர்லின்