முள்ளுச்செடிக்கு முகம் துடைத்தவளுக்கு

மாவு மில்லில் இன்று காலை மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கால் வைத்ததுமே நெடி தொண்டையில் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. சம்படத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று இருமினேன். நிமிர்ந்தால் கண்ணுக்கு நேரே உன் பூ. போன வருஷத்துக் காலண்டர். தாளெல்லாம் கிழித்து முடிந்து அட்டை மட்டும் ஆணியில் தொங்குகிறது. ரோஸ் நிறத்தில் இரண்டே இதழ், நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு, இதழோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், பின்னால் மங்கலாக முள். கீழே அந்தக் கரிக் கம்பெனியின் பெயர். அதற்கும் கீழே, 'எங்கள் மண்ணில் பூக்கும் நலம்' என்று ஒரு வரி.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மில்காரர் தோளில் கிடந்த துண்டால் படத்தின் மேலிருந்த மாவைத் தட்டினார். "ஷோக்கா கீதுல்லக்கா? நம்ம ஏரியாவுல எட்த்ததாம். அதான் கயட்ட மன்சு வர்ல" என்றார். எடுத்தவள் யாரென்று அவருக்கு எப்படித் தெரியும், காலண்டரில் உன் பெயரா போட்டிருக்கிறது. சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். திறந்தால் வேறு என்னென்னவோ வரும்போல இருந்தது, மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். வேறு யாரிடம் போய் வயிறெரிவது?

தள்ளுவண்டியில் செடி கொண்டுவந்தவர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். நீ வைத்த பெயர் முள்ளுச்செடி, அவ்வளவுதான். கட்டை விரல் பருமனில் சதைப்பற்றான தண்டு, தண்டு முழுக்க முள், உச்சியில் மட்டும் நாலு இலையும் ஒரு கொத்துப் பூவும். கிள்ளினால் பால் வடியும். "கண்ல பட்டா எரியும்மா, ஜாக்கிரத" என்று அவர் சொன்னதற்கு, "எங்க வூட்டு ஆம்பள வாய வுடவா எரியப்போவுது" என்றாய். அவர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன். உன் வீட்டுக்காரர் உன்னை ஒரு நாளும் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. உன் குழம்பு, உன் நடை, உன் நிறம், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு குத்தல் இருந்தது. பக்கத்துப் போர்ஷனில் இருக்கிற எனக்கு எல்லாம் கேட்கும். காலடிப்பேட்டையில் அந்தப் பழைய வீட்டில் நம் இருவருக்கும் சுவரும் ஒன்று, மொட்டை மாடியும் ஒன்று.

பெயிண்ட் பக்கெட்டின் அடியில் ஓட்டை போட்டுச் செடியை நட்டு மாடியில் வைத்தாய். உன் மகள் புதுப் போன் வாங்கினதும் பழையது உன் கைக்கு வந்தது. பர்மா பஜாருக்குப் போய் ஒரு லென்ஸ் வாங்கி வந்தாய். சட்டைப் பொத்தான் அளவுக் கண்ணாடி, துணி கிளிப் மாதிரி போனைக் கவ்விக்கொள்ளும். அதை மாட்டினால் தூரத்தில் இருக்கிற எதுவும் தெரியாது. பூவுக்கு இரண்டு விரல் இடைவெளிக்குள் போனால்தான் தெளியும். மூச்சு விட்டால் கை ஆடி மறுபடி கலங்கிவிடும். நீ முள்ளுக்கு நடுவே முகத்தை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். "இர்மே, மூச்சு வுடாத" என்று எனக்கும் சேர்த்து உத்தரவு போடுவாய். அதில் ஒரு சின்ன எறும்பின் மீசைகூடத் தெரியும். "ஷோக்கா கீதுமே" என்பேன். தினமும் சொல்வேன்.

ஆனால் எடுப்பதற்கு முன்னால் உனக்கு ஒரு வேலை இருந்தது. நம் மாடியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா. வடக்கே கம்பெனியின் நிலக்கரிக் குவியல் பக்கமிருந்து காற்று திரும்பினால் விடிவதற்குள் தரை முழுக்கக் கரித்தூள். வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் தோசைக்கல்லாகக் கருத்துவிடும். கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியைத் திரும்பவும் துவைப்போம். அதே கருப்புதான் உன் செடி மேலும். நீ பழைய வேட்டியில் கிழித்த துணியை நனைத்து, சுட்டு விரலில் சுற்றி, முள்ளை விலக்கி விலக்கி, இலை இலையாக, இதழ் இதழாகத் துடைப்பாய். விரல் எல்லாம் ரத்தப் பொட்டு. "இத்தினி கூத்து இன்னாத்துக்குமே, புடிச்சிட்டுப் போயேன்" என்று நான் சலித்துக்கொண்டால், "போட்டோவுக்கு நிக்கிறவள மூஞ்சி தொடைக்காம நிக்க வெப்பாங்களா?" என்று கேட்பாய்.

அது வாஸ்தவம்தான். நம் வீடுகளில் போட்டோ என்றால் முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை வாரிய பிறகுதான். சின்ன வயதில் ராயபுரத்து ஸ்டூடியோவில் உன் அம்மா எச்சில் தொட்டு உன் முகத்தைத் துடைத்ததை நூறு தடவை சொல்லியிருக்கிறாய். துடைத்து முடித்ததும் அந்தத் துணியையும் அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் போனைத் தொடுவாய். அழுக்கோடு எதையும் கிடக்க விடமாட்டாய்.

அந்தக் குணத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கரி கொட்டி வைக்கும் இடத்தைக் கம்பெனி பெரிதாக்கப் போகிறது, கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். நம் தெருப் பெண்கள் மொத்தமாகப் போனோம். பேச உன்னைத்தான் அனுப்பினோம். உனக்கு அப்போதே இருமல் இருந்தது. மைக்கைப் பிடித்து நன்றாகத்தான் பேசினாய். "சோத்து மேல, துணி மேல, செடி மேல, எல்லாத்து மேலயும் கரி வந்து குந்திகினு கீது சார். எங்க நெஞ்சுக்குள்ளயும் அதான் கீது" என்றாய். மேடையில் கம்பெனி சார்பில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் ரொம்ப மரியாதையாக, "ஆதாரம் ஏதாவது இருக்காம்மா? போட்டோ மாதிரி?" என்று கேட்டார். உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். போட்டோவா, உன்னிடம் இல்லாததா. விறுவிறுவென்று மேடை ஏறிப் போனை நீட்டினாய்.

அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் பூ. எல்லாம் நீ துடைத்த பூ. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். பிறகு மைக்கில், "அம்மா வீட்டுச் செடி எவ்வளவு சுத்தமா, ஆரோக்கியமா இருக்கு பாருங்க. காத்து சரியில்லன்னா இப்படிப் பூக்குமா?" என்றார். மண்டபம் சிரித்தது. நம் தெருக்காரர்களும் சிலர் சிரித்தார்கள், யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. "தொடச்சி எட்த்தது சார் அது, தொடைக்கிறதுக்கு மின்னாடி பாத்தீங்கன்னா" என்று நீ ஆரம்பித்தபோது இருமல் வந்துவிட்டது. இருமி முடிப்பதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

அதோடாவது விட்டார்களா? டீ கொடுக்கிற இடத்தில் அதே கண்ணாடிக்காரர் உன்னைத் தேடிக்கொண்டு வந்தார். "உண்மையிலேயே அருமையா எடுத்திருக்கீங்கம்மா. எங்க காலண்டருக்கு ஒண்ணு தர்றீங்களா?" நான் உன் முழங்கையைக் கிள்ளினேன். நீ நின்ற இடத்திலேயே அவர் போனுக்கு அனுப்பிவிட்டாய்.

வருகிற வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். "சிரிச்சானுங்களேடி உன்ன. அவன் கையிலயே தூக்கிக் குட்த்துட்டு வர்றியே, சூடு சொரணை கீதா உனக்கு?" ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் சொன்னாய். "இந்த வயசு வரைக்கும் ஒர்த்தரும் என்னிய நல்லா பண்ணிகீறேன்னு சொன்னதில்லமே." தினமும் மாடியில் நின்று 'ஷோக்கா கீது' என்று சொன்ன நான் உன் கணக்கில் ஒருத்தியே இல்லை. அது இன்றைக்கும் எனக்கு முள்ளாகத்தான் இருக்கிறது. உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. செத்துப்போனாய் என்பதற்காக அது போய்விடாது.

கரி மேடு அவர்கள் கேட்டபடியே பெரிதாகிவிட்டது. வருஷக் கடைசியில் காலண்டரும் ஒரு ஹாட் பாக்ஸும் வந்தன. காலண்டரை வாசற்படிக்கு மேலேயே மாட்டினாய். "கிழிச்சிப் போடுமே" என்றேன். "அவங்க பண்ணதுக்குப் பூ இன்னா பண்ணும்" என்றாய். வீட்டுக்காரர் அதையும் விட்டுவைக்கவில்லை, கம்பெனிக்காரனுக்குக் கூஜா தூக்குகிறாள் என்றார்.

அதற்குப் பிறகு நீ எடுத்த படமெல்லாம் கலங்கல். மூச்சைப் பிடித்து நிறுத்த உன்னால் முடியவில்லை. பூவுக்குப் பக்கத்தில் போகும்போதே இருமல் வரும், கை ஆடும், முள் கன்னத்தில் கீறும். கடைசியில் போனை என்னிடம் நீட்டினாய். "நீ புடிமே. என்னால மூச்ச நிறுத்த முடில." அப்புறம் துடைப்பது நீ, எடுப்பது நான் என்று ஆனது. பெரிய ஆஸ்பத்திரியில் அடுப்புப் புகையா என்று கேட்டார்கள், வீட்டுக்காரர் பீடி குடிப்பாரா என்று கேட்டார்கள். வெளியே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. எதனால் என்று யாரும் எழுதித் தரவுமில்லை. உன் வீட்டுக் காலண்டரில் பாதித் தாள்கூடக் கிழியவில்லை, நீ போய்விட்டாய்.

செடியை உன் வீட்டுக்காரர் என்னிடம் தள்ளிவிட்டார். இப்போது மாடியில் என் பக்கமாக இருக்கிறது, பூத்துக்கொண்டும் இருக்கிறது, கரிக்கு அடியில். நான் துடைக்காமல் படம் எடுக்கிறேன். உன் லென்ஸைத்தான் மாட்டுகிறேன். கிட்டப் போய்ப் பார்த்தால் இதழ் மேல் ஒவ்வொரு பொடியும் மினுமினுக்கிறது. நீ பார்த்திருந்தால் என் கையைப் பிடித்து முறித்திருப்பாய்.

அடுத்த வாரம் மறுபடி கூட்டம். அதே மண்டபம், இன்னொரு மேடு வேண்டுமாம். இந்தத் தடவை என்னைப் பேசச் சொல்கிறார்கள். படங்களைக் காட்டினால் நாங்களே பூசி எடுத்தோம் என்பார்கள், பேசத் தெரிந்தவர்கள். அதனால் இன்னொன்றும் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்னைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிய அன்று காலையிலும் நீ மாடிக்கு வந்து துடைத்தாய். பாதியில் மூச்சு முட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டாய். அந்த அமளியில் துணி பக்கெட் விளிம்பிலேயே கிடந்தது. எல்லாம் முடிந்து நான் மாடிக்குப் போனபோது காய்ந்து விறைத்திருந்தது, நீ விரலில் சுற்றிய சுற்று கலையாமல், மையில் முக்கி எடுத்த மாதிரி கருப்பாக. ஒரு நாள் காலையின் கரி அது. எடுத்துக் கவரில் போட்டு வைத்தேன்.

நேற்று அதை என் பையில் பார்த்துவிட்டு மருமகள் மூக்கைச் சுளித்தாள். "இன்னா அத்த இது கலீஜா? தொவச்சாவது வெக்கக்கூடாதா?" கூட்டத்திலும் அதைத்தான் கேட்பார்கள், அழுக்குத் துணி யார் வீட்டில் இல்லை என்று சிரிப்பார்கள். நீ இருந்திருந்தால் முதல் ஆளாக அதைப் பிடுங்கிக் குழாயடிக்குப் போயிருப்பாய். இத்தனை வருஷம் நீ அலசி அலசி விட்ட ஆதாரம் எல்லாம் சாக்கடையில் போனது. இந்த ஒன்றை அலசத்தான் உனக்கு மூச்சில்லாமல் போனது. இதை நான் துவைக்க மாட்டேன்.