பன்னிரண்டு பேரும் ஒருவரல்ல எனச் சான்று கோரும் மனு

அனுப்புநர்:
சி. இந்திராணி,
க/பெ. சிவஞானம்,
லாங் ஐலண்ட், மத்திய அந்தமான்.

பெறுநர்:
உதவி ஆணையர் அவர்கள்,
ரங்கத்.

பொருள்: என் விண்ணப்பக் கடிதத்தைப் பயிற்சி மையம் அச்சடித்து விநியோகித்ததால் பன்னிரண்டு பேரின் இணையக் கணக்குகள் முடக்கப்பட்டமை – சான்று வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றில் மொழிபெயர்ப்பு வேலை செய்து வருகிறேன். வேலை தருபவர் இணையதளத்தில் அறிவிப்பார், எங்கெங்கோ இருந்து ஐம்பது அறுபது பேர் விண்ணப்பிப்பார்கள், ஒருவருக்குத்தான் கிடைக்கும். லாங் ஐலண்டில் இணையம் சரிவரக் கிடைக்காததால், வாரம் இருமுறை படகேறி, ரங்கத் பஜாரிலுள்ள இணையக் கடைக்கு வந்து கோப்புகளை அனுப்புகிறேன்.

2. 2011-இல் தொடங்கியபோது, "நேர்மையானவள், கடின உழைப்பாளி" என்று எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதினேன். எட்டு மாதங்கள் ஒருவரும் பதில் போடவில்லை. பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினேன். தீவில் இருப்பவள், இரண்டு பெண் குழந்தைகளின் தாய், கடல் மோசமானால் படகும் நிற்கும், இணையமும் நிற்கும். ஆகவே கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே முடித்து அனுப்புவேன் என்று எழுதி, வேலை தருபவர் மாதிரிக்குக் கொடுத்திருந்த பக்கத்தின் முதல் பத்தியை மொழிபெயர்த்தும் இணைத்தேன். அந்த வாரமே புனேயிலிருந்து ஷீலா என்பவர் முதல் வேலையைத் தந்தார். மாவரைக்கும் இயந்திரத்துக்கான விளக்கக் குறிப்பு அது. இன்றுவரை நாற்பத்தேழு பேர் என் வேலையைப் பாராட்டி அத்தளத்தில் எழுதியுள்ளனர்.

3. கடந்த ஜூனில் கடையின் பிரிண்டர் பழுதாகியிருந்ததால், அருகிலுள்ள, அரசு உதவி பெறும் கணினிப் பயிற்சி மையத்துக்குச் சென்றேன். பொறுப்பாளர் திரு. சந்திரமோகன் என் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன். கொடுத்தது என் தவறு என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

4. ஆகஸ்டில் ஷீலா அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் தீவில் இன்னும் பதினொரு பேருக்கு இரண்டு பெண் குழந்தைகளாமே?" என்று கேட்டிருந்தார். முதலில் சிரித்தேன். தம் புதிய வேலைக்கு வந்த விண்ணப்பங்கள் என்று அவர் இணைத்திருந்த கடிதங்களைத் திறந்து பார்த்தேன். பதினொன்றும் என் கடிதம். பெயரைத் தவிர ஓர் எழுத்தும் மாறவில்லை. அவற்றில் ஒன்றை அனுப்பிய கௌதம், பஜாரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் இருபத்திரண்டு வயது இளைஞர், திருமணம் ஆகாதவர்.

5. அன்றே மையத்துக்குச் சென்றேன். என் கடிதத்தை மாதிரித் தாளாக அச்சடித்து, பயிற்சிக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். "அச்சா லெட்டர் தானே சிஸ்டர், சப் லோக், எல்லாரும் யூஸ் பண்ணட்டுமே" என்றார் பொறுப்பாளர். எல்லோரும் ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒருவருக்கும் வேலை கிடைக்காது என்பதை அவருக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

6. அடுத்த வாரம் இணையதளம் எங்கள் கணக்குகள் அனைத்தையும் முடக்கியது. ஒரே இணையக் கடையின் இணைப்பு, ஒரே கடிதம் என்பதால், நான் ஒருத்தியே பன்னிரண்டு பெயர்களில் ஏமாற்றுகிறேன் என்பது அவர்கள் முடிவு. இது தவறென்றால் 22.09.2014-க்குள் அரசு அதிகாரி ஒருவரின் சான்று அனுப்ப வேண்டும். இல்லையேல் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும். நடந்ததை எழுதித் தரும்படி பொறுப்பாளரைக் கேட்டேன். "நான் சைன் பண்ணா மேலே இருக்கறவங்க என்னைத்தான் பிடிப்பாங்க" என்று மறுத்துவிட்டார். அவருக்குத் தண்டனை வாங்கித் தருவது என் நோக்கமல்ல. ஆனால் அவருடைய பயத்துக்காக என் மூன்று ஆண்டு உழைப்பை நான் இழக்க முடியாது.

7. பதினொரு பேரையும் நானே தேடிச் சென்று சந்தித்தேன். "படிச்சுக்கூடப் பாக்கல அக்கா, எல்லாரும் அனுப்பினாங்கன்னு நானும் அனுப்பிட்டேன்" என்று கௌதம் தலை குனிந்தார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. எட்டு மாதங்கள் நானும் அதைத்தானே செய்தேன். இப்போது ஒவ்வொருவரும் தத்தம் கடிதத்தை எழுதிவிட்டனர். தன் காய்கறிக் கடையில் வங்காளம், தெலுங்கு, மலையாளம் என்று நாள் முழுக்கப் பேசுவதைக் கௌதம் எழுதியிருக்கிறார். ராஜகுமாரி என்பவர் மருத்துவமனையில் மருந்துச் சீட்டுகளின் கையெழுத்தைப் படித்துப் பழகியதை எழுதியிருக்கிறார். கணக்குகள் திறந்தால் அனுப்பிவிடுவார்கள்.

8. ஆகவே, நாங்கள் தனித்தனி ஆட்கள் என்றும், அந்தக் கடிதம் மையத்தில் விநியோகிக்கப்பட்டது என்றும் விசாரித்துச் சான்று வழங்குமாறும், எஞ்சிய மாதிரித் தாள்களைத் திரும்பப் பெற உத்தரவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அலுவலக வசதிக்காக இம்மனுவின் இந்தி மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். அதையும் நானே செய்தேன்.

வரும் திங்கட்கிழமை, 15.09.2014 அன்று, முதல் படகில் நான் வருகிறேன். மற்ற பதினொரு பேரும் அடையாள அட்டைகளுடன் தங்கள் அலுவலக வாசலில் இருப்பார்கள். தாங்கள் வெளியே வந்து எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். அன்று இயலாவிட்டால் மறுநாளும், அதற்கு மறுநாளும் வருவோம்.

இடம்: லாங் ஐலண்ட்
நாள்: 09.09.2014

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) சி. இந்திராணி

இணைப்பு: மாதிரித் தாள் ஒன்று, இணையதளத்தின் அறிவிப்பு, பதினொரு பேரின் கையொப்பமிட்ட வாக்குமூலம், இந்தி மொழிபெயர்ப்பு.