ஏரிக்கரையில் மூன்று வீடுகள்

மார்ச் 4

மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். பதினொன்றாம் தேதி கிளம்புகிறோம். முப்பத்து நாலு வருஷமாகக் கூடத்துச் சுவரில் தொங்குகிற ஏரியை நேரில் பார்க்கப் போகிறேன்!

அந்தப் படத்தில் எனக்குத் தெரியாத இடம் ஓர் அங்குலம்கூடக் கிடையாது. காலண்டர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் டச்சிங் வேலை பார்த்தவள் நான். போட்டோவில் இருக்கிற கீறல், புள்ளி, குப்பை எல்லாவற்றையும் தூரிகையால் மறைத்து, அச்சுக்கு அனுப்புவதுதான் வேலை. என் கை பட்டதிலேயே அந்த ஏரிக்குத்தான் பெரிய பேர். காலண்டருக்குப் பிறகு வாழ்த்து அட்டை, டைரி அட்டை என்று எங்கே பார்த்தாலும் அதுதான். ஏரியை மட்டும் நான் கண்ணால் கண்டதில்லை. மேஜையை விட்டு எழுந்தால்தானே.

"கிட்டப் போய்ப் பாத்து ஏமாந்துடாதே. நீ போட்ட மேக்கப்பெல்லாம் அங்க இருக்காது" என்கிறார் இவர்.

கல்யாணத்தன்று அனுபவப்பட்டவர் பேசுகிறீர்கள் என்றேன்.

மார்ச் 11

பஸ்ஸில் ஏழு மணி நேரம். இடுப்பு கழன்றுவிட்டது.

மார்ச் 12

இதுவா? இதுவா அந்த ஏரி?

பாதித் தண்ணீரைக் காணோம். அந்தப் பாதியில் கார் நிறுத்துகிறார்கள். கரை முழுக்க இரும்பு வேலி. மிச்சத் தண்ணீரில் பிளாஸ்டிக் அன்னங்கள், காலால் மிதித்தால் நகர்கின்றன. இடப்பக்கம் மூன்றாவது மரம் — அதன் இலை நுனிக்கெல்லாம் ஒவ்வொன்றாக வெளிச்சம் வைத்தேனே, அரை நாள் வேலை அது — அது நின்ற இடத்தில் சிமெண்டில் ஒரு காளான். உட்கார்வதற்காம். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற இவரே என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடந்தார்.

தங்கும் விடுதிக்குள் நுழைந்தால், வரவேற்பு அறையில் சுவர் அகலத்துக்கு என் படம்! கீழே, 'மனிதர் காலடி படாத ஏரி' என்று பொன் எழுத்து. இவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "இதை அழகாக்கினது யாரு தெரியுமா? இதோ நிக்கிறாளே, என் வீட்டுக்காரி" என்று மேஜைக்குப் பின்னால் இருந்த பையனிடம் அளக்க ஆரம்பித்தார். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது. பொய் சொல்வானேன்.

அழுக்குத் துணி மூட்டையோடு போய்க்கொண்டிருந்த சலவைக்காரப் பெண் நின்று கேட்டாள். நாற்பது வயது இருக்கும்.

"நீங்களாம்மா இதைப் பண்ணீங்க?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டைக் காணோமே இதுல."

ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, மலையடியில் கரையோரமாக விரலை வைத்தாள். "இந்த எடத்துல மூணு வீடு. நடு வீடு எங்களுது. நீலக் கதவு."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. நீலக் கதவு. எப்படி மறக்கும்? மற்றதெல்லாம் ஒரே பூச்சில் அடங்கிவிட்டது. அந்த நீலம் மட்டும் பச்சைக்குள்ளிருந்து முட்டிக்கொண்டு வந்தது. மூன்று தடவை பூசினேன்.

மார்ச் 13

படுக்கை விரிப்பு மாற்ற வந்தபோது மீதியைச் சொன்னாள்.

சுற்றுலாவுக்காக ஏரிக்கரையை எடுத்துக்கொள்ள வந்த சர்க்கார் ஆட்கள், காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்களாம். 'இந்த வருஷத்துப் படம். இதுல வீடே இல்லை. நீங்கல்லாம் பின்னாடி வந்து குந்திக்கிட்டவங்க' என்று சொல்லி ஒரே வாரத்தில் மூன்று வீட்டையும் இடித்துவிட்டார்கள். இவளுக்கு அப்போது ஏழு வயது. "எங்கப்பா சாகற வரைக்கும் எந்தக் காலண்டரையும் வீட்ல மாட்ட விடலம்மா."

இப்போது மறுவிசாரணை வந்திருக்கிறதாம், ஏப்ரல் 22. அந்தக் காலண்டருக்கு முன்னாலேயே அங்கே வீடு இருந்தது என்று காட்டினால், மூன்று குடும்பத்துக்கும் வேறு இடத்தில் மனை உண்டு. காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"நீங்க அழிக்கறதுக்கு முந்தின படம் இருக்குமாம்மா?"

அழிக்கறதுக்கு. எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

"முதலாளி சொன்னாரும்மா, செஞ்சேன்" என்றேன். அவள் கேட்டது அது இல்லை. தேடிப் பார்க்கிறேன் என்று அப்புறம்தான் சொன்னேன்.

மார்ச் 15

வீடு வந்து சேர்ந்தோம். கூடத்தில் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"யாரோ எடுக்கச் சொன்னான், நீ எடுத்தே. உன் மேல என்ன தப்பு?" என்கிறார் இவர். அதானே? சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள், முதலாளியை எதிர்த்துப் பேச முடியுமா? — பேசியிருக்கிறேனே. பேசாத நாள் உண்டா?

அந்த வாய்ச்சண்டையால்தான் என் நோட்டுகளே வந்தன. 'முன்னாடி இப்படியா இருந்துச்சு? நீ கெடுத்துட்டே' என்று முதலாளி ஒரு தடவை எல்லார் முன்னாலும் கத்தினார். அன்றிலிருந்து எந்தப் படத்தைத் தொடுவதற்கு முன்னாலும் தபால் அட்டை அளவில் ஒரு பிரதி போட்டு, என்னென்ன எடுக்க வேண்டும் என்று அவர் எழுதி அனுப்பும் சீட்டோடு நோட்டில் ஒட்டி, தேதி எழுதிவிடுவேன். வருஷத்துக்கு ஒரு நோட்டு. எல்லாம் பரணில் இருக்கின்றன.

மார்ச் 16

அந்த வருஷத்து நோட்டு மட்டும் இல்லை. இவரைக் கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார். பழைய பேப்பரோடு போட்டுவிட்டாராம் — போட்டிருக்கலாமாம் — சரியாக ஞாபகம் இல்லையாம்! ஐயோ, இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

மார்ச் 18

கிடைத்துவிட்டது. தையல் மிஷினின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார் மகானுபாவர். சந்தோஷத்தில் அவரைத் திட்டக்கூட மறந்துபோனேன்.

அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

மூன்று வீடுகள் இருக்கின்றன. நீலக் கதவு இருக்கிறது. பக்கத்தில் முதலாளியின் சீட்டு: 'மின்கம்பமும் கம்பியும் எடுக்கவும். வேறு எதிலும் கை வைக்க வேண்டாம்.'

அதற்குக் கீழே என் கையெழுத்து, தேதியோடு: 'கம்பம், கம்பி எடுத்தாயிற்று. வீடு மூன்று, கொடி, அதில் துணி ஒன்று — பார்க்க அசிங்கமாக இருந்ததால் நானே எடுத்துவிட்டேன். இப்போதுதான் அழகு.'

நான்தான். யாரும் சொல்லவில்லை. நானேதான் எடுத்திருக்கிறேன். முதலாளி சொன்னார், செஞ்சேன் என்று அவளிடம் எந்த வாயால் சொன்னேன்? பொய் என்று தெரிந்தா சொன்னேன்? இல்லையே. சத்தியமாக அவர் சொன்னதாகத்தானே நினைத்திருந்தேன்.

மார்ச் 19

சோறு இறங்கவில்லை.

மார்ச் 21

"படத்தை மட்டும் வெட்டிக் கொடுத்துடு. எழுத்து எதுக்கு? ஊர் முன்னால போய் அசிங்கப்படணுமா?" என்றார் இவர். என் மேல் உள்ள அக்கறைதான்.

கத்தரிக்கோலை எடுத்தேன். ஆனால் தேதி என் எழுத்தில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் அது என்றைக்கோ எடுத்த ஏதோ ஒரு படம், அவ்வளவுதான். அரை மணி நேரம் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். என்னை நல்லவள் என்று எழுதிக்கொள்ள மாட்டேன். வெட்டத்தான் மனசு துடித்தது.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். "இருக்கு" என்றேன். "தண்ணி கிண்ணி படாம வெச்சிருங்கம்மா" என்றாள். யார் எடுத்தது என்று போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 22

விசாரணை அதிகாரிக்கு என் மகள் வயசுகூட இருக்காது. பக்கத்தை அப்படியே சத்தமாகப் படித்தார். 'அசிங்கமாக இருந்ததால்' என்ற இடத்தில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யார் எழுத்து இது?"

"என்னுது."

"யாரும் சொல்லாம நீங்களாவே எடுத்தீங்களா?"

"நானாதான் எடுத்தேன். யாரும் சொல்லல."

பின்னால் பெஞ்சில் மூன்று குடும்பமும் உட்கார்ந்திருந்தது. "அடிப்பாவி" என்று ஒரு கிழவியின் குரல் கேட்டது. கேட்க வேண்டியதுதான்.

நான் கொண்டுபோயிருந்த லென்ஸை வாங்கி, சலவைக்காரப் பெண் படத்தின் மேல் குனிந்தாள். வெகு நேரம் நிமிரவே இல்லை. பிறகு என் எழுத்தில் ஒரு வார்த்தையைத் தொட்டாள். 'துணி.'

"இது துணி இல்லம்மா. எங்கம்மா. குனிஞ்சு பாத்திரம் கழுவறாங்க."

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். முழங்கை தெரிந்தது. பின்னல் தெரிந்தது. தரையில் ஒரு குடம். இருபத்தாறு வருஷம் லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தவள், கொடிக்குக் கீழே இருந்த ஒரு பொம்பளையைத் துணி என்று எழுதி, பச்சை பூசி மூடியிருக்கிறேன்.

"அவங்க படம் வேற எதுவும் எங்ககிட்ட இல்லீங்க" என்றாள், அதிகாரியைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 9

காலையில் அவளே போன் செய்தாள். உத்தரவு வந்துவிட்டதாம். மூன்று வீடும் அந்தக் காலண்டருக்கு முன்பே இருந்தன என்று எழுதிவிட்டார்களாம். அழுதேன். அவள் அழவில்லை. "எங்கம்மாவை மட்டும் பெருசாக்கித் தருவீங்களா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து வாங்கிக்கொள்கிறாளாம்.

ஜூன் 12

அந்த அம்மாவின் படத்தை மகள் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, பிரதி எடுத்து வந்தாள். கூடத்திலிருந்த ஏரியைக் கழற்றிவிட்டு, இவர் தன் கையாலேயே அந்த ஆணியில் மாட்டிப் பார்த்தார். சுவரில் ஏரி இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது.

படத்தில் அந்த அம்மாவின் தோள்பட்டைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. என் கை தன்னாலேயே தூரிகையைத் தேடிப் போனது.

"தூசிதானேம்மா, ஒரு நிமிஷத்துல நானே எடுத்துடறேன்" என்றாள் மகள்.

"கை வைக்காதே. அது தூசியா, வேற ஏதாவதான்னு ஞாயித்துக்கிழமை அவ வந்து சொல்லட்டும்" என்றேன்.