மாடிப்படியில் கேட்ட பாட்டு

அன்புள்ள வாலுவுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நாங்களும் நலம் என்று எழுதிவிடலாம், பொய் சொல்லி உனக்கு என்ன பிரயோஜனம். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம். அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சரம்மா நேற்றோடு நின்றுவிட்டார்கள். தொண்டை ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் என்ன சொன்னார், விடாமல் பயிற்சி செய்தால் பாட்டு வராவிட்டாலும் பேச்சாவது பாதி திரும்பும் என்றார் இல்லையா, அந்தப் பாதியும் போயிற்று. இனிமே நான் வந்து ஒண்ணும் ஆகப்போறதில்லம்மா, காலம் கடந்துபோச்சு என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்கள்.

உன்னைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, நீ ஆசையாய்த்தான் செய்தாய். கச்சேரிக் குழுவில் அப்பா பாடின பழைய கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அவர் குரலிலேயே புதுப் பாட்டு பாடவைத்துப் பிறந்தநாளுக்கு அனுப்பினாயே, அன்றைக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதார், நானும்தான். சும்மா சொல்லக்கூடாது, அச்சு அசல் அவரேதான், மூச்சு வாங்குகிற இடம்கூட. ஆனால் அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. டீச்சரம்மா 'ஆ' சொல்லுங்க என்றால் ஓட்டை பலூன் மாதிரி காற்றுதான் வரும், உடனே முகம் சுருங்கிவிடும், நீ போனில் போட்டுக்கொடுத்ததை எடுத்து நாலு வரி தட்டுவார், அது அவர் குரலில் வயலின் தபலாவோடு பாடிக் காட்டும். இதுவே என்னைவிட நல்லா பாடுதே, நான் எதுக்குக் கத்தணும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டுவார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், ரெண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். பேசாத மனுஷனிடம் பேசாமல் இருந்து என்னத்தைக் கண்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் வேறு தினமும் வந்து கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்.

போன வாரம் நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பாட்டு வழக்கத்தைவிடச் சத்தமாய்க் கேட்டது. இன்றைக்கு என்னமோ உற்சாகம்தான் என்று நானும் கூடவே முணுமுணுத்தேன். முடிந்தது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. துணியெல்லாம் உதறிப் போட்டு, கிளிப் மாட்டி, நிதானமாகத்தான் இறங்கினேன். படி திரும்புகிற இடத்தில் கால் மடங்கிக் கிடந்தார்டா. என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், காற்றுதான் வந்திருக்கிறது. என் போன் சமையலறையில் கிடந்தது. அதனால் பாட்டைப் போட்டிருக்கிறார். கணுக்காலுக்குக் கட்டுப் போட்டாயிற்று, அது ஆறிவிடும், பயப்படாதே. கூப்பிட வசதியாக ஒரு மணி வாங்கிக் கட்டிலில் கட்டினேன், அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாட்டை அழித்துவிடட்டுமா என்று மட்டும் கேட்காதே, இனி அவருக்கு இருக்கிற குரல் அது ஒன்றுதான்.

வேலை வேலை என்று ராத்திரி பட்டினி கிடக்காதே. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்கவேண்டும், எங்கள் ரெண்டு பேர் ஆசியும் அதுதான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது புதுப் பாட்டு போடுங்கப்பா என்று கேட்காதே. எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இரு. பதில் வராது. இருந்தாலும் இரு.

உன்
அம்மா