கோடு போடாத பக்கம்

ஜனவரி 6

இன்று மூன்று பஸ்களை விட்டேன். போர்டைப் படித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. நாலாவது வண்டியின் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். அது முழுதாக அகப்பட்டது. கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் ஏறினேன். அறுபத்தெட்டு வயது வரை வண்டியின் நிறத்தையும் கண்டக்டரின் முகத்தையும் பார்த்து ஏறியவன் நான்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். “பழையபடி நிறத்தப் பாத்து ஏறியிருந்தா சாப்பாடு ஆறியிருக்காது” என்றாள் என் மனைவி. அவள் எட்டாவது வரை படித்தவள். எனக்கு வந்த கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம் நாற்பது வருஷமாக அவள் வாய் வழியாகத்தான் வந்தன. இப்போது போட்டிக்கு ஆள் வந்துவிட்டது.

ஜனவரி 9

முதியோர் எழுத்தறிவு வகுப்பு. நூலகத்தின் பின்னறையில் பதினோரு பேர். தினமும் மூன்று வரியாவது எழுத வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. யாருக்கு என்று கேட்டேன். உங்களுக்கே என்றார். எனக்கு நானே என்ன சொல்வது? தெரிந்ததுதானே. ஆனால் எழுதிவிட்டு மறுநாள் படித்தால் வேறு யாரோ சொன்ன மாதிரி இருக்கிறது. நல்ல வேடிக்கை.

ஜனவரி 14

பாப்பா மறுபடி விண்ணப்பம் போடுகிறாள். வயது முப்பத்திரண்டு, எங்களுக்குப் பாப்பாதான். முனைவர் பட்டம் வாங்கி இரண்டரை வருஷம் ஆகிறது. இந்த ஆய்வு உதவித்தொகை, பட்டம் வாங்கி மூன்று வருஷம் தாண்டாதவர்களுக்கு மட்டும். கிடைத்தால் இரண்டு வருஷம் வேறு ஊரில், பெரிய ஆய்வுக்கூடத்தில், அவள் யோசித்த வேலையை அவளே செய்யலாம். போன இரண்டு தடவையும் இல்லை என்று வந்தது. இது மூன்றாவது. இதுதான் கடைசி. தவறினால் இப்போது போகிற தண்ணீர் பரிசோதனைக் கம்பெனியில் காலம் பூராவும் பாட்டிலுக்கு லேபிள் ஒட்ட வேண்டியதுதான் என்கிறாள்.

அவள் ஆராய்ச்சி தண்ணீரைப் பற்றியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் குழாய் வேலை பார்த்தவனுடைய மகள் தண்ணீரைப் பற்றிப் படிக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் புரியாமல் போய்விடுமோ என்று.

ஜனவரி 20

போன வருஷம் வந்த பதிலை பாப்பா காட்டினாள். நானே படித்தேன். “ஆய்வுத் திட்டம் சிறப்பு. பொது வாசகருக்கான சுருக்கம் விளங்கவில்லை.”

விண்ணப்பத்தில் எத்தனையோ பக்கம். அதில் ஒரு பக்கத்தை மட்டும் சாதாரண மனிதர்கள் ஐந்து பேர் படித்து மதிப்பெண் போடுவார்களாம். ஒரு நர்ஸ், ஒரு தையல்காரர், அந்த மாதிரி. பேராசிரியர்கள் எல்லாம் நல்ல மதிப்பெண் போட்டும் இந்த ஐந்து பேர் கவிழ்த்துவிட்டார்கள்.

“அவங்களுக்குப் புரியலன்னா அது என் தப்பாப்பா?” என்றாள். அந்த ஐந்து பேர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 31

புதிதாக எழுதிய பக்கத்தையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் பாப்பா என் கையில் கொடுத்தாள். “புரியாத எடத்துலல்லாம் கோடு போடுப்பா. வெக்கப்படாத. எனக்கு உன்ன மாதிரி ஒரு ஆளுதான் வேணும்.”

மகளுடைய படிப்பு என் கைக்கு வந்திருக்கிறது. மேஜையைத் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி மேஜையைத் துடைத்தேன். “ஆபரேஷனுக்கா ரெடி பண்றீங்க?” என்றாள் இவள், என் மனைவி.

பிப்ரவரி 2

இருபத்து மூன்று வரிகள். இன்று பதினாலாவது வரி வரை வந்தேன். நுண்ணுயிர்ப் படலங்களின் ஒட்டுதிறன். கிருமிநீக்கி எதிர்ப்பாற்றல். ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. போன வருஷம் இதே நாளில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாதவன். அறைக்குள் நடந்துகொண்டே உரக்கப் படித்தேன். வாய்க்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது.

என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 4

பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு கோடும் போடவில்லை.

போட ஆரம்பித்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போட வேண்டும். பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிடும். பென்சிலை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். பாப்பா வந்து நின்றாள். “எல்லாம் புரிஞ்சுதா?” புரிஞ்சுது என்றேன். அவள் முகம் இருந்த இருப்பு. சமையலறைக்கு ஓடினாள். “அம்மா, அப்பாவுக்கே புரிஞ்சிடுச்சு.”

அப்பாவுக்கே.

இவள் எட்டிப் பார்த்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 5

படித்தது நிஜம். மற்றதெல்லாம் பொய்.

பிப்ரவரி 7

வகுப்புக்குப் போகவில்லை. கடைத்தெரு வரை போய்த் திரும்பினேன். மறுபடியும் போனேன்.

குழாய் வேலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. குழாய் இணைப்பை இறுக்கியதும் எழுந்து போக மாட்டேன். அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து, வால்வைத் திறந்து, பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். தாளில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் கழற்றிவிடுவேன். சூப்பர்வைசர் கத்துவார். கத்தட்டும். தண்ணீரை விட்டுப் பார்க்காமல் சரி என்று முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது சொல்லியிருக்கிறேன். அதுவும் யாரிடம்.

பிப்ரவரி 10

பாப்பாவுக்கு இரண்டு பேராசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் அனுப்ப வேண்டும். ஒன்று வந்துவிட்டது. இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. அவள் வாசலுக்கும் அறைக்குமாக நடக்கிறாள். நான் கூடத்துக்கும் அறைக்குமாக. நடுவில் மாட்டிக்கொண்ட இவள், “ரெண்டு பேரும் ஒரே பக்கமா நடங்க, இடிச்சுக்காம இருக்கலாம்” என்றாள்.

ஒன்று எழுத வேண்டும். எழுதவும் கை வரவில்லை. அந்தக் கடிதம் வராமலே போனால் நல்லது என்று இன்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வராவிட்டால் என் பொய் யாருக்கும் தெரியாது. பாப்பாவும் இங்கேயே இருப்பாள்.

அப்படியானால் வெட்கத்தினால் மட்டும்தான் கோடு போடாமல் விட்டேனா? தெரியவில்லை. சீ.

பிப்ரவரி 13

கடிதம் வந்துவிட்டது. பதினாறாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

பிப்ரவரி 15

இன்று நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் பரவாயில்லை.

பாப்பா லீவு போட்டிருந்தாள். காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்கங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்றேன்.

“பாப்பா, நான் கோடு போடாதது புரிஞ்சதனால இல்ல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எத்தன எடம்?”

“பக்கம் பூரா.”

அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அங்கேயே நின்றேன். இவள் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும். நாப்பது வருஷமா உங்களுக்குப் படிச்சுக் காட்டினவ, உங்களுக்குப் புரிஞ்ச மூஞ்சி எதுன்னு தெரியாதா?”

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. சிவப்புப் பென்சிலை என் முன்னால் வைத்தாள். “போடு” என்றாள். போட்டேன். இருபத்து மூன்று வரியில் இருபத்தொன்று. மிச்சம் இரண்டில் ஒன்று அவள் பெயர்.

“இந்தப் படலம்னா என்ன பாப்பா? கண்ணால பாக்கற சாமானா?”

முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னாள். குழாயின் உள்சுவரில் கிருமிகள் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றி ஒரு பூச்சைப் பூசிக்கொள்ளுமாம். மேலே எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அடியில் இருப்பவை பிழைத்துக்கொண்டு திரும்ப வளருமாம்.

“வழவழன்னு இருக்குமே, விரல வச்சா சறுக்கும், அதுவா?”

“அதேதான்.”

“அத நாங்க சளின்னு சொல்வோம். முப்பத்தொரு வருஷம் சொரண்டியிருக்கேனே. மூணாவது மாடி, குழந்தைங்க வார்டு, ஜன்னலோரக் குழாய். மருந்து ஊத்தி சுத்தமா கழுவுவோம். பத்தே நாள்ல திரும்ப வந்துடும். பக்கத்துக் குழாய்ல வராது. ஏன்னு யாருக்கும் தெரியல.”

பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் எழுதியிருக்கற கேள்வியே அதாம்ப்பா. ஏன் ஒரு குழாய்ல வருது, இன்னொண்ணுல வரல. இத்தன வருஷமா ஏன் சொல்லல?”

“நீ இதத்தான் படிக்கறேன்னு என்கிட்ட யாரு சொன்னா?”

இவள்தான் முதலில் சிரித்தாள். பாப்பா சிரித்தாளா அழுதாளா என்று எழுதத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

பிறகு உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை முதலிலிருந்து திரும்பத் திரும்ப எழுதினாள். எழுத எழுத நான் படித்தேன். முதல் தாளில் ஒன்பது கோடு. அடுத்ததில் ஐந்து. தாட்சண்யம் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. “இது கூடவா புரியல?” புரியவில்லை என்றேன். இந்தத் தடவை சொல்லச் சுலபமாக இருந்தது. ஆறாவது தாளில் கோடு இல்லை. நிஜமாகவே இல்லை. பக்கம் இப்போது ஜன்னலோரக் குழாயில்தான் ஆரம்பிக்கிறது.

நானும் ஆறு தாள் படித்திருக்கிறேன், ஒரே நாளில்.

பிப்ரவரி 16

நாலு மணி நாற்பது நிமிஷத்துக்கு அனுப்பிவிட்டாள். பத்தாம் தேதி நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை. அது இந்த நோட்டோடு இருக்கட்டும்.

மார்ச் 11

ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 3

ஒன்றும் வரவில்லை. எங்கள் தெருவில் இருக்கிற பெயர்ப் பலகை எல்லாம் படித்து முடித்துவிட்டேன். அடுத்த தெருவுக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். பல் டாக்டர் பலகையில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. சொன்னேன். ஆறு வருஷமாக யாரும் கவனிக்கவில்லையாம். எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

ஏப்ரல் 29

நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போன இரண்டு தடவையும் இது வரை வந்ததில்லை. இவள் பாப்பாவின் சட்டையை மூன்று முறை இஸ்திரி போட்டாள். சட்டை ஒன்றுதான்.

மே 12

பாப்பா திரும்பி வந்துவிட்டாள். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்களாம். பேராசிரியர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாளாம். கடைசியில் ஒரு தையல்காரர், எங்க வீட்டுக் குழாயிலயும் இந்தச் சளி இருக்குமா என்று கேட்டாராம். நேரம் முடிந்த பிறகும் அவரோடு பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். எப்படிப் போயிற்று என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாள்.

அந்தத் தையல்காரரை எனக்குப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

ஜூன் 2

ஒன்றும் வரவில்லை. பேனா மை தீர்ந்தது. புதிது வாங்கினேன்.

ஜூலை 19

இன்று அட்டைப் பெட்டியின் மேல் முகவரி எழுதினேன். ஒரு மணி நேரம் பிடித்தது. அவள் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட வேண்டும் என்று இவள் நினைவுபடுத்தினாள். எனக்கு அது மறக்குமா? அதை எழுதத்தான் நானே எழுதுகிறேன் என்று அடம்பிடித்தேன். அறை எண், அந்தப் பெரிய ஆய்வுக்கூடத்தின் பெயர், தெரு, ஊர். ஒரு எழுத்தும் விடவில்லை. இவள் இரண்டு தடவை சரிபார்த்தாள். தப்பு கிடைக்காததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. இடித்துக்கொள்ளாமல் நடக்கலாம்.

போர்டைப் படித்து, தபால் அலுவலகத்துக்கு வந்த முதல் பஸ்ஸிலேயே ஏறினேன்.

பெட்டிக்குள் ஸ்வெட்டர் இரண்டு, அவள் விட்டுவிட்டுப் போன செருப்பு, போன வாரம் அவள் அனுப்பிய புதுப் பக்கம். ஏழு இடத்தில் கோடு போட்டிருக்கிறேன்.