பதினொரு நீல நிஜார்

இன்று தபாலில் உன் மகள் அனுப்பிய பொட்டலம் வந்தது. பிரித்ததும் ரசகற்பூர வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே ஒரு பழைய போட்டோ, மடித்த காகிதம் ஒன்று, அப்புறம் சுருட்டி நூல் கட்டிய உன் அளவு டேப். மஞ்சள் பூத்து ஓரமெல்லாம் நைந்திருக்கிறது, ஆனால் எண்கள் தெளிவாகத்தான் தெரிகின்றன. காகிதத்தைப் பிறகு படிக்கலாம் என்று வைத்துவிட்டு டேப்பைக் கையில் எடுத்தேன். எடுத்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. சிநேகிதி போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, இவள் சிரிக்கிறாளே என்று வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் அழ வேண்டும் என்றால் நீ வேறு சாமான் அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும்.

செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்தில் நீ டிரில் டீச்சர், நான் தையல் டீச்சர். புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. அந்த ஊர்க்காரரான உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து குடும்பத்தையே பிரெஞ்சு நாட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். நீ அங்கே ஒரு மில் ஊரில் வளர்ந்தாய். பதினேழு வயதில் மில் வேலைக்குப் போனாய். அந்த மில் பெண்களுக்கு ஒரு கால்பந்து கிளப் இருந்தது. அதில் வலது ஓரத்தில் ஓடியவள் நீ. அப்பா இறந்த பிறகு கப்பலேறி வந்து, ஒரு ரயில்வே கார்டைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாய்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும், கிளப் கதைதான். கேப்டன் லூசியென் விசிலடித்தால் மில் சங்கே வாயை மூடிக்கொள்ளும் என்பாய். கோல் காக்கிற ஓதெத் சலவைக்காரி, ஈரக் கம்பளியைப் பிழிந்து பிழிந்து உரமேறிய கை அவளுக்கு. நூல் சுற்றுகிற அக்கா தங்கை கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன். "வூட்ல ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க மாட்டாடி பீவி. பந்து காலுக்கு வந்துச்சின்னா மட்டும் கண்ணை மூடிகினு தங்கச்சிக்கே தள்ளுவா." அந்தப் பெண்களில் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் பஜாரில் எதிரே வந்தால் அடையாளம் கண்டுபிடித்திருப்பேன்.

ஒரு நாள் நீ டப்பாவைத் திறக்கவே இல்லை. மடியில் ஒரு கடிதம் இருந்தது. லூசியென் நர்ஸாகி சைகோனுக்குக் கப்பலில் போகிறாளாம். கப்பல் புதுச்சேரியில் நிற்குமாம். ஒரு நாள் மாமல்லபுரம் வந்து உன்னைப் பார்ப்பாளாம்.

"நல்ல சேதிதானேடி, அதுக்கு ஏன் மூஞ்சி இப்பிடிக் கீது?" என்றேன்.

"என்னைப் பாக்க மட்டும் வர்ல. என் கிளப்பைப் பாக்க வரா."

"இன்னா கிளப்பு?"

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. போர்க்காலத்தில் பெண்கள் பந்தாடக் கூடாது என்று அந்த நாட்டு அரசாங்கமே உத்தரவு போட்டுவிட்டதாம். களம் ஆண்களுக்குப் போய்விட்டது, கிளப் கலைந்தது, ஓதெத் எங்கே போனாள் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. லூசியென் அழுதழுது எழுதியிருந்தாள். நீ என்ன செய்தாய்? கவலைப்படாதே, நான் இங்கே நம் கிளப்பை நடத்துகிறேன் என்று பதில் போட்டுவிட்டாய். ஒரு பொய்யோடு நிறுத்தினாயா என்றால் அதுவும் இல்லை. மாதா மாதம் ஆட்டம். கருங்குழியை மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம், சிங்கப்பெருமாள் கோயிலோடு சமன், வேடந்தாங்கலில் மழை வந்து ஆட்டம் நின்றது. வேடந்தாங்கலில் கொக்குகளைத் தவிர எதிர் அணிக்கு யார் இருந்தார்கள் என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

"அவளுக்குன்னு மிச்சம் இருக்கிற கிளப்பு இது ஒண்ணுதான் பீவி. இல்லைன்னு எப்பிடிச் சொல்லுவேன்?" என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை. சரி, பதினொரு பேரைப் பிடிப்போம் என்று சொல்லிவிட்டேன். பந்தை எந்தப் பக்கத்தால் உதைப்பது என்றுகூடத் தெரியாத எனக்கு அந்த வாய் எங்கிருந்து வந்ததோ.

நம் இரண்டு பேரையும் சேர்த்து ஏழு டீச்சர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ் மூன்று பேர், பள்ளிக்கூட ஆயா பொன்னம்மா. ஆள் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பின்பக்க மைதானத்தில் சாயங்காலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினோம். மாட்டிக்கொண்டது உடுப்பில்தான். உன் கிளப் அரை நிஜாரில் ஆடிய கிளப், இவர்களும் அப்படித்தான் ஆட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். தலைமை டீச்சரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே உன்னைப் பார்த்தார். "முழங்கால் தெரியப்படாது. தெரிஞ்சா பஸ்ஸே கிளம்பாது." நீ விறைத்துக்கொண்டாய். "முழங்காலை மூடிக்கினு ஆடறதுக்கு ஆடாமலே இருக்கலாம் டீச்சர்." இரண்டு பேரும் இறங்கி வருகிற ஜாதி இல்லை. நர்ஸ்கள் வீட்டில் வேறு முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. என் மாமியார் காதுக்கு அந்த நிஜார் சேதி எட்டியிருந்தால் என் தையல் மிஷினைத் தூக்கித் தெருவில் வைத்திருப்பார்.

நீ பிடிவாதமாக இந்த டேப்பை எடுத்து எல்லோருக்கும் அளவெடுத்தாய். இடுப்புக்கு நாடா, அதனால் நீளம் மட்டும் போதும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாய். முப்பத்தெட்டு, நாற்பது, முப்பத்தொன்பது என்று வரிசையாக இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஜவுளிக் கடையிலிருந்து மழையில் நனைந்த காடாத் துணி ஒரு கட்டு வந்தது. உன் கிளப் நிறமென்று நீலத்தில் முக்கிக் காயவைத்தேன்.

இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீ எழுதியது உங்கள் புதுச்சேரி டேப்பின் சென்டிமீட்டர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாங்களெல்லாம் அங்குலத்தில் வெட்டுகிறவர்கள். நாற்பது சென்டிமீட்டர் என்றால் தொடையோடு நிற்கும், நாற்பது அங்குலம் என்றால் கணுக்காலைத் தொடும். சீட்டைப் பார்த்தேன், கத்தரியைப் பார்த்தேன், அல்லாஹ் மேலே பாரத்தைப் போட்டு அங்குலத்தில் வெட்டினேன். பதினொன்றையும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் நீ முதல் நிஜாரை உதறிப் பிடித்தாய். அது இறங்கிக்கொண்டே போய்த் தரையில் விழுந்தது.

"இன்னாடி இது? நிஜாரா, பைஜாமாவா?"

"நீ குடுத்த நீளம்தான். நாப்பதுன்னு எழுதியிருக்க பாரு."

"நாப்பது சென்டிமீட்டர்டி. தையல் டீச்சருக்கு டேப்புகூடவா படிக்கத் தெரியாது?"

"உங்க டேப்பு எனக்கு எங்க தெரியும்? நான் அங்குலத்துக்காரி."

"சரி, கத்தரியைக் குடு. இப்பவே வெட்டறேன்."

"கத்தரி சாணைக்குப் போயிருக்கு. திங்கக்கிழமைதான் வரும்."

நீ அறை முழுக்கத் தேடினாய். அலமாரியைக் குடைந்தாய், பெஞ்சுக்கு அடியில் பார்த்தாய், கடைசியில் என் தையல் மிஷின்மேல் இடுப்பை முட்டுக்கொடுத்துச் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாய். என்னை இரண்டு பாஷையில் திட்டினாய். நான் தலையைக் குனிந்துகொண்டு நூலைச் சுற்றினேன். தலைமை டீச்சரம்மா வந்து ஒரு நிஜாரை எடுத்து நீளம் பார்த்துவிட்டு, "காலம்பற ஆறு மணிக்கு பஸ்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை போய்ச் சேரும் வரை நீ என்னோடு பேசவில்லை. வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையும் நீல பைஜாமாவுமாகப் பதினொரு பேர் மணலில் வரிசையாக நின்றோம், தலைமை டீச்சரம்மா புடவையில் ஓரமாக நின்றார். நான் முக்காட்டை நான்கு ஊசி குத்தி நிறுத்தியிருந்தேன். லூசியென் இரண்டு கப்பல் நர்ஸ்களோடு மணலில் இறங்கி நடந்து வந்தாள். நம்மைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நீ தரையைப் பார்த்தாய். சிரிக்கிறாள் என்று நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் கைப்பையைக் குடைந்து இந்தப் போட்டோவை எடுத்து உன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீ சேருவதற்கு முன்பு, அவர்களுடைய முதல் வருஷத்துப் படம். மில் பெண்கள் பதினொரு பேர், முழங்காலுக்குக் கீழே இறங்கிய தொளதொள கால்சட்டையில். அந்த ஊர்ப் பாதிரியார் முழங்கால் தெரியக் கூடாதென்று சொல்லியிருந்தாராம்.

"எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சரியா ஆரம்பிச்சிருக்கன்னு சொல்றாடி," என்று எனக்கு மொழிபெயர்த்தாய். சொல்லும்போதே உனக்குக் கண்ணீர் கொட்டியது.

உங்கள் கிளப்பில் ஆட்டத்துக்கு முன்னால் கேப்டனும் கேப்டனும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொள்வது வழக்கமாம். எங்களில் யார் விறைப்பாக நிற்கிறார் என்று பார்த்து, லூசியென் நேரே போய்த் தலைமை டீச்சரம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டாள். அவ்வளவு மடி ஆசாரக்காரர் கல் ரதம் போல நின்றார். முந்தானையால் மெதுவாகத் துடைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாம்" என்றார்.

அதற்குள் அடுத்த சோதனை. லூசியென் ஏதோ கேட்டாள், நீ வெளிறிப்போனாய். "கருங்குழியில மூணு கோல் போட்டது யாருன்னு கேக்கறா." பொன்னம்மா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "நான்தாம்மா போட்டேன். மூணாவது கோலு தலையால முட்டனேன்." லூசியென் தலைமை டீச்சரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொன்னால் பெஞ்சில் ஏற்றுகிற மனுஷி அவர். "நான் பார்த்தேன். நன்னா ஆடினா," என்றார். நான் அன்றைக்கு விட்ட மூச்சுக்கு மணலே பறந்திருக்க வேண்டும்.

லூசியென் பக்கத்துக்கு ஆள் போதவில்லை. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடையை வைத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். மணலில் ஓடத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், நம்மைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். எத்தனை கோல் வாங்கினோம் என்று யாரும் எண்ணவில்லை. நீ மட்டும் ஓரமாக, அலை நனைத்த கெட்டி மணலில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடினாய். வலது ஓரம். லூசியென் எதிர்ப் பக்கத்து ஆள் என்பதையே மறந்து உன் பேரைக் கூப்பிட்டுக் கத்தினாள். நீயும் மறந்துபோய்ப் பந்தை அவளுக்கே தள்ளினாய். நம் கோலிலேயே அடித்தாள் அவள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதீர்கள், நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை பொன்னம்மா வந்து, "பந்து எங்கம்மா?" என்று கேட்டாள். அதோடு கிளப் நிஜமாகிவிட்டது. பிறகு கருங்குழிக்கே போய் நான்கு கோல் வாங்கித் தோற்றோம். அதையும் லூசியெனுக்கு எழுதினாய், முதல் உண்மைக் கடிதம் என்று என்னிடம் காட்டி. உன் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி நீ ஊரைவிட்டுப் போகும் வரை ஆடினோம், கடைசி வரை அதே பைஜாமாவில். பள்ளிக்கூடம் முழுக்க என்னைச் சென்டிமீட்டர் டீச்சர் என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. உன்னை ஏமாற்றி ஜெயித்தேன் என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம்.

இப்போதுதான் உன் மகளின் காகிதத்தைப் பிரித்தேன். கடைசி வாரத்தில் நீ சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள். "டேப்பைப் பீவிகிட்ட குடுத்துடு. அன்னிக்குக் கத்தரி சாணைக்குப் போகல, மிஷின் டிராயர்ல கைப்பிடி நீட்டிக்கினு இருந்துச்சு, நான் பாத்துட்டேன்னு சொல்லு. இடுப்பால தள்ளி மூடினதே நான்தான்னும் சொல்லு."

அடிப்பாவி. வீட்டில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

மிஷின் இன்னும் இருக்கிறது. டேப்பை அந்த டிராயரில்தான் வைத்திருக்கிறேன், கத்தரிக்குப் பக்கத்தில்.